கடையை மூடச் சொன்னவர்கள் சின்னத்தை மாற்றவில்லை

கேள்வி இதுதான்: மக்கள் நினைப்பதற்கு ஏற்ப அரசியல்வாதி தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்வதுதானே ஜனநாயகம்? அப்படி மாற்றினால் ஏன் ‘பல்டி அடித்துவிட்டார்’ என்று கேலி செய்கிறோம்? 2016 தேர்தலில் எல்லாக் கட்சியும் மதுவிலக்கு என்றது, அடுத்த தேர்தலுக்குள் பேச்சு அடங்கிவிட்டது, இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கடைசியில் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இந்த விஷயத்துக்கு மதுவிலக்கை விட நல்ல உதாரணம் நம் ஊரில் கிடையாது. கருணாநிதி, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா மூவருமே கடையைத் திறந்தும் இருக்கிறார்கள், மூடியும் இருக்கிறார்கள். அதற்கு முன்பே பெரியாரும் இந்த வழியாக நடந்தவர்தான். 1921-ல் காந்தியின் கள்ளுக்கடை மறியலுக்காகத் தன் தோப்பில் இருந்த ஐந்நூறு தென்னைகளை வெட்டிச் சாய்த்தவர், பிற்காலத்தில் மதுவிலக்கு வேண்டாம் என்று வெளிப்படையாகவே பேசினார். ஆனால் அப்போது அவர் வோட்டுக்கு நிற்கவில்லை. அவரைப் பல்டி என்று யாரும் சொல்வதில்லை. மாற்றிப் பேசியதற்காக அவர் பெறவோ இழக்கவோ நாற்காலி எதுவும் இருக்கவில்லை.

நாற்காலியில் இருந்தவர்களின் கதையை ராஜாஜியிலிருந்து தொடங்க வேண்டும். 1937-ல் சென்னை மாகாணப் பிரதமராக வந்ததும் (அப்போது முதல்வருக்கு அதுதான் பெயர்) அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். பிறகு சித்தூர், கடப்பை, வட ஆற்காடு என்று விரித்தார். கள்ளுக்கடை, சாராயக்கடை மூலம் வந்த பணம் மாகாண வருமானத்தில் பெரிய பங்கு. அது போனால் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் எங்கே போவது? அதற்கு அவர் கண்ட வழி 1939-ல் வந்த பொது விற்பனை வரிச் சட்டம். இந்தியாவில் பொதுவான விற்பனை வரி என்பது இங்கேதான் முதலில் வந்தது. கடைக்காரர்களின் கோபத்தைத் தெரிந்தேதான் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

போர்க்காலத்தில் மந்திரிசபை இல்லாதபோது மதுவிலக்கு கைவிடப்பட்டது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில், 1948 காந்தி பிறந்த நாளன்று, மாகாணம் முழுக்க வந்தது. காமராஜர், பக்தவத்சலம், அண்ணா காலம் வரை நீடித்தது. 1971 ஆகஸ்ட் 30 முதல் கருணாநிதி அரசு அதை ஒத்திவைத்தது. வயது தொண்ணூறைத் தாண்டிய ராஜாஜி, கொட்டும் மழையில் கோபாலபுரம் வீட்டுக்கே போய் ‘வேண்டாம்’ என்று கேட்டுக்கொண்டார் என்பது நம் அரசியல் மேடைகளில் ஆயிரம் தடவை சொல்லப்பட்ட சம்பவம். மேடையில் யாரும் சொல்லாத ஒன்று உண்டு. மதுவிலக்குக்கு ஈடாக வந்த விற்பனை வரி, மதுவிலக்கு போனபோது கூடவே போகவில்லை. பதில் ஆளும் வேலையில் இருக்க, லீவில் போனவரும் திரும்பி வந்து சம்பளம் வாங்கிய கதை.

1971-ல் கடையைத் திற என்று கேட்டு ஊர்வலம் போனவர்கள் யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை. தி.மு.க. சொன்ன காரணம் நிதி. புதிதாக மதுவிலக்குக் கொண்டுவரும் மாநிலங்களுக்கு மானியம் தருவதாக மத்திய அரசு சொல்லிவிட்டு, ஏற்கனவே நடத்திக்கொண்டிருக்கும் எங்களுக்கு மட்டும் இல்லை என்கிறதே, நல்லது செய்ததற்குத் தண்டனையா என்று கேட்டார்கள். அந்த வாதத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். சுற்றியுள்ள மாநிலங்களில் எல்லாம் மது ஓடும்போது தமிழ்நாடு மட்டும் நெருப்புக்கு நடுவே கற்பூரமாக இருக்க முடியுமா என்றும் கேட்டார்கள். ஆனால் காலத்தையும் பாருங்கள். அந்த ஆண்டு மார்ச்சில்தான் 184 இடங்களோடு ஜெயித்திருந்தார்கள். அடுத்த தேர்தல் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தது.

அடுத்த ஆண்டே எம்.ஜி.ஆர். கட்சியை விட்டு நீக்கப்பட்டார். 1973 மே மாதம் திண்டுக்கல் இடைத்தேர்தலில் அவருடைய புதுக்கட்சி ஜெயித்தது. அந்த ஆண்டே கள்ளுக்கடைகள் மூடப்பட்டன, 1974-ல் சாராயக்கடைகள் மூடப்பட்டன. தாய்மார்களை எம்.ஜி.ஆர். அள்ளிக்கொண்டு போகிறார் என்று தெரிந்ததும் வந்த மனமாற்றம் என்றுதான் நான் படிப்பேன். சட்டம் ஒழுங்கு நிலைமை, கட்சிக்குள் இருந்த சங்கடம் என்று வேறு காரணங்களும் சொல்லலாம், மறுக்கவில்லை.

மதுவிலக்கைப் பெரிதாகப் பேசி 1977-ல் வந்த எம்.ஜி.ஆர்., 1980-ல் மறுபடி ஜெயித்த பிறகு, 1981 மே மாதம் கடைகளைத் திறந்தார். 1983-ல் டாஸ்மாக் நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவரே. அப்போது அதற்கு மொத்த விற்பனை மட்டும்தான் வேலை. இதற்கு இடையில் 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் வந்தது. இரண்டையும் சேர்த்துப் பேசுகிறவர்கள் உண்டு. அப்பா குடித்த காசில் பிள்ளைக்குச் சோறு என்று அவர்கள் கசப்பாகச் சொல்வார்கள். 1987 ஜனவரியில் கள்ளும் சாராயமும் மறுபடி தடை. 1990-ல் தி.மு.க. ஆட்சியில் ‘மலிவு விலை மது’. 1991-ல் ஜெயலலிதா முதல்வரானதும் அதை ஒழித்தார், மேடைக்கு மேடை அதைச் சொல்லவும் செய்தார். அதே ஜெயலலிதாதான் 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக் கையில் கொடுத்தார். ஏலம் எடுத்த தனியார்கள் சிண்டிகேட் போட்டுக்கொண்டு அரசுக்கு வரவேண்டியதைக் குறைத்தார்கள் என்பது காரணம். உண்மையான காரணமும்கூட. 2003-04-ல் ஏறக்குறைய 3,600 கோடியாக இருந்த மது வருமானம் 2015-16-ல் 25,800 கோடியைத் தாண்டியது.

இந்த வரலாற்றில் ஒரு போக்கு தெரிகிறது: திறப்பது பெரும்பாலும் ஜெயித்த சூட்டில், மூடுவது பயம் வந்த பிறகு. எல்லாம் இதில் அடங்காது. 1991-ல் மூடியது ஜெயித்த சூட்டில்தான். 2003-ல் செய்தது அடுத்த நாடாளுமன்றத் தேர்தலுக்கு ஆறே மாதம் இருக்கும்போது. ஆனாலும் பொதுவாகப் பொருந்தும்.

சரி, 2015-16-க்கு வருகிறேன். நீங்கள் கேட்டதும் அதைத்தான்.

2015 ஜூலை 20 அன்று கருணாநிதி, தி.மு.க. ஆட்சிக்கு வந்தால் மதுவிலக்கு என்று அறிவித்தார். 1971-ல் திறந்தவரே சொன்னதால் அது பெரிய செய்தி. ஜூலை 31 அன்று குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில், ஒரு டாஸ்மாக் கடையை அகற்றச் சொல்லி செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் இறந்தார். அவர் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கிய அதே சேலம் மாவட்டத்துக்காரர். அடுத்த சில நாட்களில் கலிங்கப்பட்டியில் வைகோ தன் முதிய தாயோடு கடைக்கு எதிரே உட்கார்ந்தார், கல்லூரி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், கடைகள் உடைபட்டன. அக்டோபரில், டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடிய பாடகர் கோவனை நள்ளிரவில் வீட்டிலிருந்து கூட்டிப்போய்த் தேசத்துரோக வழக்குப் போட்டார்கள். ஆட்சியில் இருந்தவர்கள் அதுவரை மதுவிலக்கு நடைமுறையில் சாத்தியமில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆறு மாதம் கழித்து, 2016 ஏப்ரல் 9 அன்று சென்னைத் தீவுத்திடலில் பிரசாரத்தைத் தொடங்கிய ஜெயலலிதா, படிப்படியாக மதுவிலக்கு என்றார்.

அதோடு விஷயம் முடிந்துவிட்டது. தி.மு.க.வும் மதுவிலக்கு, அ.தி.மு.க.வும் மதுவிலக்கு, பா.ம.க.வும் மதுவிலக்கு, மக்கள் நலக் கூட்டணியும் மதுவிலக்கு. எல்லாரும் ஒரே பொருளை விற்கும் தெருவில் அந்தப் பொருளுக்காக யாரும் கடை மாற மாட்டார்கள். மே மாதம் நடந்த தேர்தலில் இரண்டு பெரிய அணிகளுக்கும் வித்தியாசம் ஒரு சதவீதம் அளவுதான். மதுவிலக்கைத் தொடக்கத்திலிருந்து விடாமல் பேசிவந்த பா.ம.க. தனியாக நின்று ஐந்து சதவீதத்துக்குச் சற்று மேல் வாங்கியது. இடம், பூஜ்யம்.

அந்தப் பூஜ்யத்தை எல்லாக் கட்சி அலுவலகங்களிலும் வட்டம் போட்டு வைத்திருப்பார்கள். பா.ம.க. தோற்றதற்குச் சாதி சார்ந்த பிம்பம், கூட்டணி இல்லாமை என்று ஆயிரம் காரணம் உண்டு, மதுவிலக்குப் பேசியதால் தோற்றது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மதுவிலக்குப் பேசியது அதைக் காப்பாற்றவும் இல்லை. ஒரு மாநிலமே கொதித்தது போலத் தெரிந்த பத்து மாதத்துக்குப் பிறகு வந்த கணக்கு அது.

இங்கே என் தெருவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஊர்ப் பெயர் வேண்டாம். 2017-ல் எங்கள் பகுதியில் குடியிருப்புகளுக்கு நடுவே ஒரு கடையைக் கொண்டுவந்தார்கள். பெண்கள் மூன்று நாள் வாசலில் உட்கார்ந்தார்கள். கடை நானூறு மீட்டர் தள்ளிப் போனது, அங்கே இருந்தவர்கள் உட்கார ஆரம்பித்தார்கள். முதல் நாள் வந்து மைக் பிடித்துப் பேசிய உள்ளூர்ப் பிரமுகரின் மச்சானுக்குத்தான் பார் குத்தகை என்பது எல்லாருக்கும் தெரியும், யாரும் முகத்துக்கு நேரே கேட்கவில்லை. மூன்று நாளும் முன்வரிசையில் இருந்த ஓர் அக்காவிடம் கேட்டேன், “அடுத்த தேர்தல்ல கடையை மூடுறேன்னு உறுதியா சொல்றவங்களுக்குத்தானே போடுவீங்க?” அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். “கடையை எடுத்தா நல்லதுதான் தம்பி. அதுக்காக எங்க சின்னத்தை மாத்துவேனா?”

நான் அந்த அக்காவைக் குறை சொல்லவில்லை. அவருக்கு ரேஷன் அரிசி, பெண்ணின் திருமண உதவி, மகன் வேலைக்கு ஒரு சிபாரிசு, அம்மா காலத்திலிருந்து வந்த ஒட்டுதல், எல்லாம் அந்தச் சின்னத்தோடு கட்டுண்டு கிடக்கிறது. கடை என்பது பத்துப் பிரச்சினையில் ஒன்று. ஆனால் ‘மக்கள் கருத்து’ என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதில் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஒன்று, கேட்டால் சொல்லும் கருத்து. இன்னொன்று, அதற்காகச் சின்னத்தை மாற்றும் அளவுக்கான கருத்து. முதலாவதை மேடைப் பேச்சு பின்பற்றுகிறது, இரண்டாவதை அரசாணை பின்பற்றுகிறது. குடிக்கிற ஆண்கள் யாரும் ‘கடையை மூடாதே’ என்று ஊர்வலம் போக மாட்டார்கள், வெட்கம். ஆனால் அவர்களும் வோட்டர்தான், அவர்கள் தரும் பணமோ தினமும் கல்லாவில் விழுகிறது. கட்சிக்காரன் இரண்டு கணக்கையும் தெரிந்து வைத்திருக்கிறான். நாம்தான் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு ஏமாந்தேன் என்கிறோம்.

ஜெயித்த பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். 2016 மே 23 அன்று பதவியேற்ற ஜெயலலிதா போட்ட முதல் கையெழுத்துகளில் ஒன்று 500 கடைகளை மூடுவதற்கு. காலை பத்து மணிக்குத் திறந்த கடைகள் பகல் பன்னிரண்டு மணிக்கு என்றானது. 2017 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி இன்னொரு 500. கடைகள் ஆறாயிரத்து எழுநூறு சொச்சத்திலிருந்து இப்படிக் குறைந்தன. வருமானமோ 2016-17-ல் ஏறக்குறைய 27,000 கோடி, அதாவது முந்தைய ஆண்டை விட அதிகம். விற்பனை குறைந்த கடைகளைப் பொறுக்கி மூடினால் குடிப்பவர் அடுத்த கடைக்கு நடக்கப் போகிறார், அவ்வளவுதான். 2023 ஜூனில் தி.மு.க. அரசும் அப்போதிருந்த 5,329 கடைகளில் அதே 500-ஐ மூடியது. 500 என்ற எண்ணில் என்ன ராசியோ தெரியவில்லை. 2023-24-ல் வருமானம் 45,800 கோடியைத் தாண்டியது.

2016 தேர்தலுக்குப் பிறகு உண்மையிலேயே கடைகள் பெருமளவில் மூடியது ஒரே ஒரு தடவைதான், அதை எந்த முதல்வரும் செய்யவில்லை. 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம், நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. வழக்குப் போட்டவர்களில் ஒருவர் பா.ம.க.வின் வழக்கறிஞர் பாலு. தேர்தலில் பூஜ்யம் வாங்கிய கட்சி ஏழே மாதத்தில் கோர்ட்டில் வாங்கி வந்தது இது. 2017 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் மூடியிருந்தன. ஒரு வருஷத்துக்கு முன் படிப்படியாக மதுவிலக்கு என்று சொல்லி ஜெயித்த அரசு, கோர்ட்டே படிகளை இறக்கிக் கொடுத்தபோது சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் இல்லையா? அது செய்தது, ஊருக்குள் போகும் மாநில நெடுஞ்சாலைகளை உள்ளாட்சிச் சாலைகள் என்று பெயர் மாற்றப் பார்த்தது. ஒரு பக்கம் கடைகளைக் குடியிருப்புக்குள் நகர்த்தியது. திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் அப்படி வந்த கடையை எதிர்த்த ஒரு பெண்ணைப் போலீஸ் அதிகாரி கன்னத்தில் அறைந்த வீடியோ அந்த ஏப்ரலில்தான் ஊரெல்லாம் ஓடியது. பின்னால் உச்ச நீதிமன்றம் நகர எல்லைகளுக்கு விலக்குக் கொடுத்ததும் பல கடைகள் பழைய இடத்துக்கே திரும்பின.

இதற்கு நேர் எதிராக ஒன்று அதே 2017-ல் நடந்தது. ஜல்லிக்கட்டு. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. மூன்று பொங்கல் போயின. 2017 ஜனவரி 17 அன்று மெரினாவில் மாணவர்கள் கூடினார்கள். 19-ஆம் தேதி முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் டெல்லியில் பிரதமரைப் பார்த்தார், 21-ஆம் தேதி அவசரச் சட்டம், 23-ஆம் தேதி சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. ஆறே நாள். மக்கள் கருத்தைக் கேட்டு நடக்கும் அரசு என்றால் அதுதான் என்று தோன்றும். ஆனால் அந்தச் சட்டத்தால் கஜானாவுக்கு ஒரு ரூபாய் நட்டமில்லை, எந்த வோட்டு வங்கியும் முறைக்கவில்லை, எதிர்க்கட்சி குறுக்கே நிற்கவில்லை. செலவில்லாத விஷயத்தில் எந்த அரசும் ஜனநாயகமாக இருக்கும்.

அப்படியானால் செலவு வைக்கும் விஷயத்தில் யாருமே மாறியது இல்லையா? மாறியிருக்கிறார்கள், பக்கத்திலேயே. ஆந்திராவில் என்.டி.ராமராவ் 1980-களில் முதல்வராக இருந்தபோது ‘வாருணி வாகினி’ என்ற பெயரில் அரசே பாக்கெட் சாராயம் விற்றது. 1992-ல் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் எழுத்தறிவு வகுப்புக்குப் போன பெண்கள் சாராயக்கடையை மூடவைத்தார்கள். அது மாவட்டம் மாவட்டமாகப் பரவி, 1993 அக்டோபரில் காங்கிரஸ் அரசையே சாராயத்தைத் தடை செய்யவைத்தது. ராமராவ் முழு மதுவிலக்கு என்று சொல்லி 1994 டிசம்பரில் பெருவெற்றி பெற்றார், சொன்னபடி செய்தார். அவரை இறக்கிவிட்டு வந்த மருமகன் சந்திரபாபு நாயுடு 1997-ல் அதைத் தளர்த்தினார், காரணம் நிதி நெருக்கடி. பாக்கெட் சாராயம் விற்றவர் மதுவிலக்குக்கு வந்ததைப் பல்டி என்பீர்களா, ஞானம் என்பீர்களா? எனக்கு அந்தப் பெயர்ச்சூட்டலில் ஆர்வமில்லை. அந்தப் பெண்கள் இந்த ஒன்றை வைத்தே வோட்டுப் போடுவார்கள் என்று அவர் நம்பினார், அதுதான் அங்கே வித்தியாசம்.

பீகாரிலும் அதுவே. முதல் பத்தாண்டில் ஊருக்கு ஊர் மதுக்கடை உரிமம் கொடுத்தது நிதிஷ் குமார் அரசுதான். 2015 ஜூலையில் பாட்னாவில் சுயஉதவிக் குழுப் பெண்கள் கூட்டத்தில் கடையை மூடச் சொல்லிக் குரல் எழும்ப, அடுத்த முறை வந்தால் மூடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். அந்தத் தேர்தலில் ஆண்களை விடப் பெண்கள் ஏழு சதவீதம் அதிகமாக வந்து வோட்டுப் போட்டார்கள். 2016 ஏப்ரலில் மதுவிலக்கு வந்துவிட்டது. அவருக்கு யாதவர் போல, முஸ்லிம்கள் போல சொந்தமாக ஒரு பெரிய சமூகத் தளம் கிடையாது. சாதி கடந்த பெண்கள்தான் அவருடைய தளம், அதனால் அவர்களுக்குக் கொடுத்த வாக்கை மீறுவது அவருக்குத் தற்கொலை. விளைவு நல்லதாக இருந்ததா என்பது வேறு கேள்வி. 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் கள்ளச்சாராயத்துக்கு எழுபது பேருக்கு மேல் இறந்தார்கள். கடை திறந்திருக்கும் நம் ஊரிலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கு மேல் உயிர்கள் போயின என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் ஒரு பக்கம் மட்டும் சொன்னதாகிவிடும்.

நம் ஊரில் கடையை மூடுவது ஏன் இவ்வளவு கஷ்டம் என்றால், 2017-க்குப் பிறகு அது இன்னும் கஷ்டமாகிவிட்டது. ஜி.எஸ்.டி. வந்த பிறகு பெரும்பாலான பொருள்களுக்கு மாநிலம் தனியாக வரி விகிதம் வைக்க முடியாது. ஜி.எஸ்.டி.க்கு வெளியே மாநிலத்தின் கையில் மிஞ்சியவற்றில் பெரியவை பெட்ரோல், டீசல், மது. ராஜாஜி மதுவை விட்டுவிட்டு விற்பனை வரிக்குப் போனார். இன்றைக்கு அவரைப் போல ஒருவர் வந்தாலும் போவதற்கு அந்தக் கதவு திறந்திருக்காது. இதை எந்தக் கட்சியும் மேடையில் சொல்வதில்லை. ‘மூட ஆசைதான், 45,000 கோடிக்கு வழி தெரியவில்லை’ என்று ஒரு முதல்வர் நேராகச் சொன்னால் நான் அவரை மதிப்பேன். அதற்குப் பதில் 500 கடை என்று ஓர் அர்ச்சனை நடக்கிறது.

எதிர்க்கட்சியாக இருக்கும்போதோ இந்தக் கவலை எதுவும் கிடையாது. 2020 மே 7 அன்று ஊரடங்குக்கு நடுவே அ.தி.மு.க. அரசு கடைகளைத் திறந்தபோது தி.மு.க.வினர் கறுப்புச் சட்டை அணிந்து வீட்டு வாசலில் நின்று எதிர்த்தார்கள். 2021 ஜூன் 14 அன்று, தொற்று குறைந்த 27 மாவட்டங்களில் தி.மு.க. அரசு கடைகளைத் திறந்தது. இப்போது போராடியது எதிர் வரிசை. 2024 அக்டோபர் 2 அன்று உளுந்தூர்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் மகளிர் மது ஒழிப்பு மாநாடு நடத்தினார்கள், அதில் அப்போது கடையை நடத்திய ஆளுங்கட்சியின் தலைவர்களே வந்து மேடையேறினார்கள். யார் யாரிடம் கோரிக்கை வைக்கிறார்கள் என்று எனக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை.

இப்போது உங்கள் முதல் கேள்வி. மாறுவது தப்பா? தப்பில்லை. மாறாமல் இருப்பது மட்டும் பெருமையும் இல்லை. மறுபடி ராஜாஜியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1938-ல் பள்ளிகளில் கட்டாய இந்தியைக் கொண்டுவந்து, எதிர்த்தவர்களைச் சிறைக்கு அனுப்பியவர், 1960-களில் இந்தி ஆட்சிமொழி ஆவதை எதிர்த்து நின்றார், 1967-ல் தி.மு.க.வோடு கூட்டணியும் வைத்தார். இருபது வருஷத்துக்கு மேல் இடைவெளி, காரணங்களை அவரே எழுதினார், பதவி எதையும் எதிர்பார்க்கவில்லை. அது ஒரு விதம். அதே மனிதர் 1953-ல் கொண்டுவந்த அரைநாள் படிப்புத் திட்டத்தை, குலக்கல்வி என்று ஊரே எதிர்த்தும் விடவில்லை. 1954-ல் முதல்வர் பதவியைத்தான் விட்டார். அடுத்து வந்த காமராஜர் சில வாரங்களிலேயே அதைக் கைவிட்டார். அந்த விஷயத்தில் மக்கள் கருத்துக்கு வளைந்து கொடுத்த காமராஜர் செய்ததே சரி, கொள்கையில் நின்ற ராஜாஜி செய்தது தவறு. அதனால் ‘கொள்கைப் பிடிப்பு நல்லது, வளைவது கெட்டது’ என்று ஒரே கோல் வைத்து அளப்பதை நான் விட்டு ரொம்ப நாளாயிற்று.

நான் பார்ப்பது ஒன்றுதான்: மாறியவர் அதற்கு என்ன விலை கொடுத்தார்? ராஜாஜி வியாபாரிகளின் வெறுப்பை வாங்கிக்கொண்டு விற்பனை வரியைக் கொண்டுவந்தார். நிதிஷ் ஆயிரக்கணக்கான கோடி வருமானத்தைக் கொடுத்தார். 2016-ல் நம் கட்சிகள் கொடுத்தது தேர்தல் அறிக்கையில் இரண்டு வரி. அச்சுக்கூலியைத் தவிர அதற்குச் செலவில்லை. மக்கள் கருத்தைப் பின்பற்றினார்களா என்றால், பின்பற்றினார்கள்தான். மக்கள் அந்தக் கருத்துக்கு எவ்வளவு விலை கொடுக்கத் தயாராக இருந்தார்களோ, அதே விலைக்குச் சரியாகப் பின்பற்றினார்கள். எங்கள் தெரு அக்காவின் பதிலை அவர்கள் என்னை விட நன்றாகவே தெரிந்து வைத்திருந்தார்கள்.

நீங்களே சோதித்துப் பார்க்க விரும்பினால் தேர்தல் அறிக்கையைப் படிக்காதீர்கள். சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் ஒரு கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கும். டாஸ்மாக் கணக்கு இருக்கும் புத்தகத்தைத் தேடினால் ‘மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை’ என்று அட்டையில் போட்டிருக்கும். கடை நடத்தும் அதிகாரத்தைக் கொடுக்கும் சட்டத்தின் பெயர் இன்றும் 1937-ன் மதுவிலக்குச் சட்டம்தான், சேலத்துக்காக எழுதிய அதே சட்டம், திருத்தித் திருத்தி வைத்திருக்கிறார்கள். உள்ளே வருமான அட்டவணை இருக்கும். எந்த ஆண்டு யார் என்ன பேசினார்கள் என்பதைப் பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டு எண்களை மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள்.